சொந்த ஓவியங்களை இணையத்தில் விற்பது: விலை, உரிமை, இடம் குறித்து வழிகாட்டல் தேவை

கரிக்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பதினோரு ஆண்டுகளாக நீர்வண்ணத்திலும் அக்ரிலிக்கிலும் வரைந்து வருகிறேன். பகலில் வேறொரு வேலை செய்கிறேன். வரைவது இரவிலும் விடுமுறை நாட்களிலும்தான். கலைக்கல்லூரியில் படித்ததில்லை, எந்தக் கலைக்கூடத்துடனும் தொடர்பில்லை. ஆயினும் அறுபதுக்கு மேற்பட்ட மூல ஓவியங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை துணி சுற்றப்பட்டு அலமாரிக்குப் பின்னால் நிற்கின்றன. பிறர் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்று எண்ணி வரைந்தவை அப்படி நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் மூன்று ஆண்டுகளாகப் படங்களை இட்டு வருகிறேன். பாராட்டுவோர் பலர், விலை கேட்போர் மிகச் சிலர். சென்ற ஆண்டு, கோப்பைப் பதிவேற்றினால் போதும், அச்சிடுவதையும் அனுப்புவதையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஒரு தளத்தில் 25 படங்களை ஏற்றினேன். ஓராண்டில் 14 அச்சுப்படிகள் விற்றன. என் பங்காக வந்த தொகை இரண்டு வண்ணக் குழாய்கள் வாங்கவும் போதவில்லை. வாங்கியவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

விலை சொல்வதுதான் எனக்கு மிகக் கடினம். அண்மையில் ஒருவர் ஓர் அக்ரிலிக் ஓவியத்தின் விலையைக் கேட்டார். மனத்தில் தோன்றிய தொகையைச் சொன்னேன். இரண்டு நாட்களாக மறுமொழி வராததால், அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அஞ்சி, அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே பாதியாகக் குறைத்து மீண்டும் எழுதினேன். அதன்பின் அவர் எழுதவே இல்லை.

இதற்கிடையில் ஒரு சிறு பதிப்பகம், என் நீர்வண்ணப் படமொன்றை நூல் அட்டைக்காக “வாங்கிக்கொள்கிறோம்” என்று எழுதியிருக்கிறது. அவர்கள் கேட்பது தாளில் உள்ள ஓவியத்தையா, கணினிக் கோப்பையா, அல்லது அந்தப் படத்தின் மீதான உரிமை முழுவதையுமா என்று எனக்கு விளங்கவில்லை.

விலையை எந்த அடிப்படையில் வைப்பது, எந்த இடத்தில் விற்பது, பதிப்பகத்துக்கு என்ன எழுதுவது என்ற மூன்றிலும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செதுக்குளி எழுதியது:

வணக்கம், கரிக்கோடு. மர அச்சும் செப்புத்தகட்டு அச்சும் செய்து, அவற்றை நானே விற்று வருகிறேன். உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதன் விடைக்குப் பின்னரே தெளிவாகும்.

ஓவியம் விற்பது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஓர் ஓவியத்திலிருந்து விற்கக்கூடியவை மூன்று: உங்கள் கைபட்ட அந்த ஒரே பொருள், அதன் படிகள், அதைப் பயன்படுத்துவதற்கான அனுமதி. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. மூல ஓவியத்தை ஒருவர் வாங்கிச் சென்றாலும், எழுத்து மூலம் நீங்கள் மாற்றித் தராத வரையில், அதைப் படியெடுக்கும் உரிமை பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி உங்களிடமே இருக்கும். 1886-இல் உருவான, படைப்புரிமை குறித்த பன்னாட்டு ஏற்பாடான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில், படைப்பாளியின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்துகொண்டால்தான் உரிமை பிறக்கும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆகவே நீங்கள் ஏற்கெனவே உரிமையாளர். கவனக்குறைவாகக் கையெழுத்திட்டு அதை இழந்துவிடாமல் இருப்பதே உங்கள் பொறுப்பு.

பதிப்பகத்துக்கு “விற்கிறேன்” என்ற சொல்லையே பயன்படுத்தாமல், “பயன்படுத்த அனுமதி தருகிறேன்” என்று எழுதுங்கள். எந்த நூலுக்கு, எந்த மொழிப் பதிப்புக்கு, எத்தனை படிகள் வரை, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளில் விற்பனைக்கு என்பதை அந்த அனுமதியில் குறிப்பிடுங்கள். மின்னூலும் விளம்பரச் சுவரொட்டியும் அடங்குமா என்பதையும், அதே படத்தை வேறொரு நூலின் அட்டைக்கு நீங்கள் தரலாமா என்பதையும் பேசிவிடுங்கள். படத்தை வெட்டவோ நிறத்தை மாற்றவோ எழுத்தை மேலே இடவோ செய்தால் முன்கூட்டியே உங்களுக்குக் காட்ட வேண்டும், உங்கள் பெயர் நூலில் இடம்பெற வேண்டும், தொகை இன்ன நாளுக்குள் தரப்பட வேண்டும் என்பவையும் எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, நீளப் பக்கம் 1,000 பிக்சலுக்கு மிகாத கோப்பை மட்டும் அனுப்புங்கள். அட்டையின் அமைப்பைப் பார்க்க அதுவே போதும், நல்ல அச்சுக்குப் போதாது. “அனைத்து உரிமைகளும்” என்ற தொடர் அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, எதற்காக அது தேவைப்படுகிறது என்று கேளுங்கள். பல வேளைகளில் பழைய படிவமொன்றை அப்படியே அனுப்பியிருப்பார்கள். கேட்டால் மாற்றித் தருவார்கள். முழு உரிமையும் உண்மையிலேயே தேவை என்றால், அதன் விலை அட்டை அனுமதியின் விலையைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கை இணையத்தால் வந்ததன்று. இங்கிலாந்தில் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் தம் செதுக்கோவியப் படிகளை, அச்சுப்பட வணிகர்களை நம்பாமல், செய்தித்தாளில் அறிவித்து முன்பணம் பெற்றுத் தாமே விற்றார். வணிகர்கள் அவருடைய படங்களைத் திருட்டுத்தனமாகச் செதுக்கி மலிவாக விற்றதால், அவரும் சக கலைஞர்களும் நாடாளுமன்றத்தை அணுகினர். 1735-இல் செதுக்கோவியங்களுக்கு 14 ஆண்டுப் பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்தது. தம் அடுத்த படத்தொடரை அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள்வரை அவர் வெளியிடாமலேயே வைத்திருந்தார். உரிமையை உறுதி செய்துகொண்ட பிறகே படியை வெளியே விட்ட அந்தப் பொறுமையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இனி விலை. மனத்தில் தோன்றிய தொகையைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தொகை கூடுதலாக இருந்ததா குறைவாக இருந்ததா என்பது அங்கே பெரிய சிக்கலன்று. அந்தத் தொகைக்கு அடியில் ஒரு கணக்கு இல்லாததால்தான் உங்களால் அதன்மேல் நிற்க முடியவில்லை. அளவை அடிப்படையாகக் கொள்வது தொடக்கத்தில் நல்ல வழி. பலர் பரப்பளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு: 8-க்கு 10 அங்குல ஓவியத்தின் பரப்பு 80, 24-க்கு 30 அங்குல ஓவியத்தின் பரப்பு 720, ஆக, பெரிய ஓவியத்தின் விலை ஒன்பது மடங்காகிவிடும். நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் 18-உம் 54-உம் வரும்; விலை மூன்று மடங்குதான். உங்கள் உழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நான் கூட்டல் முறையைப் பயன்படுத்தி, மிகப் பெரியவற்றுக்கு மட்டும் சற்றுக் கூட்டிக்கொள்கிறேன்; சட்டம், கண்ணாடி ஆகியவற்றின் செலவைத் தனியாகச் சேர்க்கிறேன். ஓர் அங்குலத்துக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்ய, கடைசியாக முடித்த பத்து ஓவியங்களின் நேரத்தையும் பொருட்செலவையும் எழுதிப் பாருங்கள். உங்களைப் போன்ற நிலையில் உள்ள கலைஞர்கள் அதே அளவுக்குக் கேட்கும் விலையையும் பாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். கலைக்கூடங்கள் வழக்கமாக விற்பனைத் தொகையில் பாதியளவைத் தம் பங்காக எடுத்துக்கொள்கின்றன. நாளை ஒரு கலைக்கூடம் உங்களை அழைத்தால், அதன் சுவரில் உள்ள விலையும் உங்கள் தளத்தில் உள்ள விலையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பாதி போனாலும் தாங்கக்கூடிய விலையை இன்றே வைத்திருப்பவருக்குத்தான் அது இயலும். ஒரே ஓவியம் ஓரிடத்தில் ஒரு விலைக்கும் வேறிடத்தில் பாதி விலைக்கும் இருப்பதைக் கண்டவர் இரண்டு விலைகளையுமே நம்பமாட்டார்.

வெள்ளைத்தாள் எழுதியது:

இடத்தைப் பற்றியும் படமெடுப்பதைப் பற்றியும் சொல்கிறேன்; உரிமை குறித்துச் செதுக்குளி எழுதியதில் சேர்க்க என்னிடம் எதுவுமில்லை.

உங்கள் 14 அச்சுப்படிகளின் அனுபவம் இயல்பானதே. கேட்பின் பேரில் அச்சிடும் தளங்களில் அடிப்படை விலையைத் தளம் வைக்கிறது. அதற்கு மேலுள்ள சிறு விளிம்பே கலைஞருக்கு. முதலீடு இல்லை, சரக்கு தேங்காது என்பவை அதன் நன்மைகள். எந்தப் படத்தை மக்கள் சுவரில் மாட்ட விரும்புகிறார்கள் என்று அறிய அதைப் பயன்படுத்தலாம். பிழைப்புக்கு அதை நம்ப இயலாது. உங்கள் 14 விற்பனையில் ஒரே படம் நான்கைந்து முறை விற்றிருக்கிறதா என்று பாருங்கள். விற்றிருந்தால் அந்த ஆண்டு வீணாகவில்லை.

எட்ஸி போன்ற சந்தைத் தளத்தில் நீங்களே கடை வைப்பது அடுத்த படி. 2022 ஏப்ரலிலிருந்து அதன் விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதம். அது ஓவியத்தின் விலைக்கு மட்டுமன்று, அனுப்பும் செலவுக்காக வாடிக்கையாளரிடம் நீங்கள் பெறும் தொகைக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் தனி. ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட ஒரு சிறு கட்டணம் உண்டு, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். வெளித்தளங்களில் அவர்கள் செய்யும் விளம்பரத்தின் வழியாக வாடிக்கையாளர் வந்தால் மேலும் 12 அல்லது 15 சதவீதம் கழிக்கப்படும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகே அங்கு விலை வையுங்கள். அந்தக் கட்டணத்தை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. உங்களை அறியாத ஒருவர் தேடி வரும் கூட்டம் அங்கே இருக்கிறது, அதற்கான வாடகை அது.

ஆனாலும் இறுதியில் உங்களுக்கென்று ஒரு சொந்தத் தளமும், வாங்கியவர்களின் மின்னஞ்சல் பட்டியலும் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடர்பவர்களுள் யாருக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல. கணக்கு முடக்கப்பட்டால் மூன்றாண்டு உழைப்பும் ஒரே நாளில் போய்விடும். எனக்கு அது ஒருமுறை நேர்ந்தது. எந்தக் காரணமும் சொல்லப்படாமல் ஐந்து வாரங்கள் என் கணக்கைத் திறக்க முடியவில்லை. அந்த ஐந்து வாரங்களிலும் எனக்கு விற்பனை நடந்ததற்குக் காரணம், தாமாக விரும்பித் தம் முகவரியைத் தந்திருந்த 230 பேர். மாதம் ஒருமுறை, ஒரு புதிய ஓவியத்தையும் அது உருவான விதத்தையும் அவர்களுக்கு எழுதுகிறேன். ஒப்புதல் தராதவரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், விலகும் வழியை ஒவ்வொரு மடலிலும் கொடுங்கள்; பல நாடுகளில் இவை சட்டத்தின் கட்டாயமும்கூட.

பாராட்டுபவர்கள் விலை கேட்காததற்கு எளிய காரணமொன்று இருக்கலாம்: அவை விற்பனைக்கு உள்ளவை என்பதே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் பதிவுகளில் அளவும் ஊடகமும் விலையும் இருக்கின்றனவா? விலையைத் தனிமடலில் கேட்கச் சொல்வது, வாங்க நினைப்பவரைக் கூச்சப்பட வைத்துத் திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

படமெடுப்பதில் நீங்கள் செலவிடும் நேரம் ஒருபோதும் வீண்போகாது. வாங்குபவருக்கு ஓவியம் என்பது முதலில் அந்த ஒளிப்படம்தான். நேரடி வெயில் படாத பெரிய சன்னலின் வெளிச்சம் போதும்; அல்லது இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் ஒரே வகை விளக்குகள் இரண்டு. கேமராவின் முகம் ஓவியத்துக்கு முற்றிலும் இணையாக இருக்க வேண்டும், இல்லையெனில் செவ்வகம் சரிவகமாகிவிடும். முதல் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றைச் சேர்த்து எடுத்தால் பின்னர் நிறத்தைச் சரிசெய்ய உதவும். இணையத்தில் இடும் கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிறவெளியில் சேமியுங்கள். ஒளிரும் வண்ணங்களும் சில பசுநீல நிறங்களும் எந்தத் திரையிலும் சரியாகத் தெரியா. ஓவியத்தில் அவை இருந்தால் விவரக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முழுப் படத்துடன், தூரிகைத் தடம் தெரியும் நெருக்கப் படம், பக்கவாட்டு விளிம்பு, பின்புறம், அளவு விளங்கும்படி ஒரு நாற்காலிக்கு மேல் மாட்டியிருக்கும் காட்சி ஆகியவையும் வேண்டும். 30 சென்டிமீட்டர் என்று எழுதினாலும் மக்கள் மனத்தில் ஒரு மீட்டரைக் கற்பனை செய்கிறார்கள். உறையைப் பிரித்ததும் ஏமாந்து திருப்பி அனுப்புகிறார்கள்.

அச்சுப்படி செய்ய எண்ணினால், ஏ3 அளவை அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் அச்சிட 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் கைப்பேசிக் கேமரா தருவது ஏறத்தாழ 3024-க்கு 4032 மட்டுமே. ஏ4 அளவுக்கு அது தாராளம், ஏ3-க்குச் சற்றுக் குறைவு. நிறமி மையும் அமிலமற்ற பருத்தித் தாளும் கொண்டு அச்சிடுபவரைத் தேடுங்கள். “ஜிக்ளே” என்ற பெயரை மட்டும் கண்டு நம்பிவிடாதீர்கள். அது 1991-இல் ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர் மைத்தெளிப்பு அச்சுக்கு வைத்த பெயர். எந்த மை, எந்தத் தாள் என்பதற்கு அந்தச் சொல் உறுதி தருவதில்லை.

மரச்சட்டம் எழுதியது:

சட்டமிடும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், விற்ற பிறகு நடப்பவற்றைப் பற்றிச் சில சொற்கள். உடைந்தும் ஒட்டியும் வந்து சேரும் ஓவியங்கள் இறுதியில் எங்களைப் போன்றவர்களிடம்தான் வருகின்றன.

வண்ணப்பரப்பின் மீது குமிழ் உறையை நேரடியாகச் சுற்றாதீர்கள். வெப்பத்தில் அக்ரிலிக் இளகி, குமிழ்களின் வட்டத் தடம் ஓவியத்தில் பதிந்துவிடும்; அதை நீக்குவது மிகக் கடினம். நீர்வண்ணத்துக்குக் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள் போதும். அக்ரிலிக் பரப்பில் சிலிக்கோன் பூசிய ஒட்டாத தாளை வைத்து, அதன்மேல் அட்டை, மூலைக்காப்பு, பிறகு குமிழ் உறை என்று வரிசையாக வையுங்கள். கித்தானைச் சுருட்டி அனுப்ப நேர்ந்தால் வண்ணம் வெளிப்புறமாக இருக்கும்படி, அகலமான குழாயில் சுருட்டுங்கள். உட்புறமாகச் சுருட்டினால் வண்ணப்படலம் நெரிந்து, விரிக்கும்போது விரிசல் விடும். கடுங்குளிரில் அக்ரிலிக் நொறுங்கும் தன்மை பெறும் என்பதால் குளிர்காலத்தில் சுருட்டாமல் இருப்பதே நல்லது. சட்டமிட்டு அனுப்பினால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடுங்கள்.

அனுப்பும் செலவை விலை வைப்பதற்கு முன்பே கேட்டு அறியுங்கள். விரைவஞ்சல் நிறுவனங்கள் உண்மை எடையையும் கொள்ளளவு எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. பன்னாட்டு அனுப்புதலில் வழக்கமான கணக்கு, நீளம் அகலம் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது. நான்கு கிலோ எடையுள்ள ஓவியம் 100-க்கு 80-க்கு 10 அளவுள்ள பெட்டியில் இருந்தால், கணக்கில் அது 16 கிலோ. இந்த ஒன்றைக் கவனிக்காமல் முதல் வெளிநாட்டு விற்பனையில் கைப்பணத்தை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூவர் இருக்கிறார்கள்.

சுங்கப் படிவத்தில் வெறுமனே “படம்” என்று எழுதாதீர்கள். உலகளாவிய சுங்க வகைப்பாட்டில் முழுக்கக் கையால் வரைந்த ஓவியங்கள் 9701 என்ற தலைப்பின்கீழும், செதுக்குளி செய்வது போன்ற கையால் உருவாக்கிய மூல அச்சுகள் 9702-இன்கீழும், இயந்திரத்தில் அச்சிட்ட படிகள் 4911-இன்கீழும் வருகின்றன. பல நாடுகளில் வரி விகிதம் இவற்றுக்கு வெவ்வேறு. வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும்படி வாங்குபவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். அது சட்டப்படி குற்றம். வழியில் ஓவியம் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைத்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

ஏமாற்று மடல்களைப் பற்றியும் உங்களை எச்சரிக்க வேண்டும், ஏனெனில் விலையோடு படங்களை இட்டதும் அவை வரத் தொடங்கும். “என் மனைவி உங்கள் தளத்தைப் பார்த்து மகிழ்ந்தார், திருமண நாள் பரிசாக வாங்க விரும்புகிறேன்” என்று ஒருவர் எழுதுவார். எந்த ஓவியம், என்ன அளவு என்று தெளிவாகக் கேட்கமாட்டார். விலையைவிடக் கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிகுதியைத் தம் சரக்கு முகவருக்கு அனுப்பச் சொல்வார். நீங்கள் அனுப்பிய பின் காசோலை செல்லாது என்று வங்கி தெரிவிக்கும். இன்னொரு வகையினர், உங்கள் படங்களை என்எஃப்டியாக (கணினி வழி உரிமைச் சான்றாக)ப் பெருந்தொகைக்கு வாங்குவதாகச் சொல்லி, அதற்கு முன் ஒரு தளத்தில் நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்பார்கள். விற்பவரிடமே பணம் கேட்கும் எந்த வாங்குபவரும் வாங்குபவர் அல்லர்.

இளநீலம் எழுதியது:

செதுக்குளி சொன்ன விலைக்கணக்கை ஏற்கிறேன். ஆனால் அளவு ஒன்றையே வைத்து எல்லா ஓவியங்களுக்கும் விலை வைத்தால், கலைஞரே தம் படைப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை மறைத்துவிடுகிறார் என்பது என் எண்ணம். மாதக்கணக்கில் போராடி முடித்த ஒன்றும், ஒரு மாலையில் கைகூடிய ஒன்றும் ஒரே அளவாக இருக்கலாம். நான் மிக விரும்பும் ஓவியங்களை, விலையைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஓரிரு ஆண்டுகள் விற்பனைக்கே வைக்காமல் என்னிடம் வைத்துக்கொள்கிறேன். பிரிவதற்கு மனம் ஒப்பும்போது அன்றைய விலைக்குப் போகட்டும்.

கரிக்கோடு, நீங்கள் விலையைப் பாதியாக்கிய நிகழ்வைப் படித்தபோது என் தொடக்க நாட்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு நாள் மௌனம் மறுப்பு அன்று. சுவரை அளந்து பார்த்திருப்பார், வீட்டில் பேசியிருப்பார், சம்பள நாளுக்குக் காத்திருந்திருப்பார். அந்த இடைவெளியில் விலை பாதியானால், நேற்று சொன்ன விலை உண்மையில்லையோ என்ற ஐயம்தான் அவருக்கு எழும். விலை அவருக்கு எட்டாது என்று தெரிந்தால் அதே ஓவியத்தின் விலையைக் குறைக்காமல், மூன்று தவணைகளில் செலுத்த வழி சொல்லுங்கள். கடைசித் தவணை வந்தபின் ஓவியத்தை அனுப்பலாம். அல்லது அதே கருவில் வரைந்த சிறிய ஓவியத்தைக் காட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, “வேறு கோணத்தில் எடுத்த படம் ஏதேனும் வேண்டுமா?” என்று ஒருமுறை கேட்பதில் தவறில்லை.

மேலும், நீங்கள் நீர்வண்ணம் விற்பவர் என்பதால், வண்ணத்தின் நிலைப்பைப் பற்றியும் எண்ண வேண்டும். வண்ணக் குழாயின் மேல் நிறமியின் குறியீடு இருக்கும். பிஆர் 83 என்ற அலிசரின் சிவப்பு வெளிச்சத்தில் மங்கக்கூடியது. மெல்லிய நீர்வண்ணப் பூச்சில் அது இன்னும் விரைவாக நடக்கும். வான் கோவின் சில ஓவியங்களில் இளஞ்சிவப்பாக இருந்த பகுதிகள் இன்று வெளிறிக் காணப்படுவதற்கு, அவர் பயன்படுத்திய இயோசின் சாயமே காரணம். நம் ஓவியத்தை ஒருவர் பணம் கொடுத்து வாங்கி, தினமும் பார்க்கும் சுவரில் மாட்டுகிறார். பத்தாண்டுகளில் அதன் சிவப்பு போய்விடுமானால் அவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? நிலைக்கும் நிறமிகளையே பயன்படுத்தி, அதை விவரக் குறிப்பில் எழுதுங்கள். நேரடி வெயில் படாத இடத்தில் மாட்டும்படி ஒரு சிறு தாளையும் உடன் வையுங்கள்.

கரிக்கோடு எழுதியது:

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்களாக நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்தேன்.

பதிப்பகத்திடம் கேட்டேன். அவர்களுடைய படிவத்தில் “அனைத்து உரிமைகளும்” என்ற தொடர் இருந்தது. எதற்காக என்று கேட்டதும், வேறு ஒரு நூலுக்கு எழுதிய படிவம் என்று சொல்லி மாற்றித் தந்தார்கள். ஒரு மொழிப் பதிப்பு, 2,000 படிகள், ஐந்து ஆண்டுகள், மின்னூலும் அடங்கும். அந்தக் காலம் முழுவதும் வேறு நூலின் அட்டைக்கு நான் அதைத் தரக்கூடாது, அச்சுப்படியாகவோ மூலமாகவோ விற்கத் தடையில்லை. மூல ஓவியம் என்னிடமே இருக்கிறது. அறுபது ஓவியங்களையும் அளந்து ஒரே கணக்கில் விலை எழுதினேன். ஏழு ஓவியங்களை, இளநீலம் சொன்னபடி, இப்போதைக்கு விற்பதில்லை என்று எடுத்து வைத்தேன். முன்பு விலை கேட்டவருக்கு, விலையைப் பற்றி ஏதும் எழுதாமல், பகல் வெளிச்சத்தில் எடுத்த நான்கு படங்களை அனுப்பியிருக்கிறேன்.

ஓர் ஐயம் மட்டும் உள்ளது. அச்சிடும் தளத்தில் விற்ற 14 படிகளில் ஒன்பது ஒரே படம். அந்தப் படத்தையே நல்ல பருத்தித் தாளில் 50 படிகள் மட்டும் அச்சிட்டு, எண்ணிட்டுக் கையெழுத்திட்டு விற்கலாமா? ஏற்கெனவே ஒன்பது பேரிடம் அது இருக்கிறது என்பது உறுத்துகிறது.

செதுக்குளி எழுதியது:

உறுத்துவது நல்லதே. எண்ணிட்ட பதிப்பு என்பது, இதற்கு மேல் அச்சிடமாட்டேன் என்று வாங்குபவருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. செப்புத்தகட்டில் அச்சிடும் நாங்கள் பதிப்பு முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறிவிடும் வழக்கம் உண்டு. கணினிக் கோப்பைக் கீற முடியாது, ஆகையால் அங்கே உங்கள் சொல்லைத் தவிர வேறு காப்பு இல்லை.

அந்தப் படத்தை எண்ணிடாத திறந்த பதிப்பாகவே, நல்ல தாளில், கையெழுத்துடன் விற்றுவாருங்கள். மக்கள் அதை விரும்புகிறார்கள் என்பது தெரிந்துவிட்டதே. 50 படிகளுக்கு இதுவரை எங்கும் அச்சிடாத வேறொரு படத்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் அச்சிடும் தளத்தில் அதன் கோப்பு இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். 50 என்பது எல்லா அளவுகளுக்கும் சேர்த்தா, அந்த ஓர் அளவுக்கு மட்டுமா என்பதைப் படியுடன் தரும் சான்றிதழில் எழுதுங்கள். உங்களுக்கென வைத்துக்கொள்ளும் கலைஞர் படிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம், அவற்றின் எண்ணிக்கையும் அதே சான்றிதழில் இருக்கட்டும். ஐம்பதையும் ஒரே நேரத்தில் அச்சிட வேண்டியதில்லை. பத்துப் பத்தாக அச்சிடலாம், ஆனால் எந்த எண் யாரிடம் சென்றது என்று முதல் படியிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.